ஐரிஷ் முன்னோரைத் தேடும் நெறி

தம் முன்னோர் யாவர் என அறிய விரும்புதல் மாந்தர்க்கு இயல்பு. அயர்லாந்து தேசத்தை விட்டுச் சென்றோரின் சந்ததியார்க்கோ இவ்விருப்பம் எளிதில் நிறைவேறுவதன்று. 1845 முதல் 1852 வரை அத்தேசத்தை வாட்டிய பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிக்கோர் கடல் கடந்தனர். அவருட் பலர் எழுத்தறியா ஏழைகள்.

அத்தகையோரைத் தேடப் புகுவோர் முதலில் அறியவேண்டுவது ஊர்ப்பெயரே. ஒரே பெயருடையார் பலர் உளர். குடும்பப் பெயரின் முன்வரும் ‘ஓ’, ‘மக்’ என்பவை சேர்த்தும் நீக்கியும் எழுதப்பட்டன. அத்தேசத்துச் சிற்றூர்ப் பிரிவுகளோ 60,000-க்கும் மேற்பட்டவை. ஆதலின், குடியேறிய நாட்டின் திருமணப் பதிவிலும் கல்லறை எழுத்திலும் பிறந்த ஊரின் பெயரை முன்னர்த் தேடிக் கொள்ளல் வேண்டும்.

ஊர் தெரிந்தபின் ஆவணங்களை நாடலாம். பிறப்பும் இறப்பும் 1864 முதல் அரசாங்கத்தாரால் பதியப்பட்டன. அதற்கு முற்பட்டவற்றிற்குச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளே துணை. குடிமதிப்புக் கணக்குகளுள் 1901, 1911 ஆம் ஆண்டுகளுக்குரியவை உள்ளன. 1861, 1871 ஆம் ஆண்டுகளுக்குரியவை அரசாங்க ஆணையால் அழிக்கப்பட்டன; 1881, 1891 ஆம் ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கும், சிற்சில பகுதிகள் நீங்கலாக, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணச்சாலை தீப்பற்றியபோது சாம்பலாயின.

ஈண்டு நாம் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1909 முதல் எழுபது வயதினர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. 1864-க்கு முன் பிறந்த முதியோர் பலர்க்கு வயதைக் காட்டச் சான்றில்லை. ஆகவே, அவர்தம் பெற்றோர் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, 1841, 1851 ஆம் ஆண்டுக் கணக்குகளில் அக்குடும்பங்களைத் தேடிப் பார்த்தனர். அங்ஙனம் எழுதப்பட்ட தேடற் சீட்டுகள் இன்றும் உள. மூலக் கணக்குகள் எரிந்தொழிந்தன. சில வெள்ளிக் காசுக்காக ஏழை முதியோர் செய்துகொண்ட விண்ணப்பங்கள் எஞ்சி நின்று, அவர்தம் பெற்றோர் பெயரை நமக்கு உரைக்கின்றன. இவ்வாறே, வரி விதித்தற்பொருட்டு 1847 முதல் 1864 வரை வெளியிடப்பட்ட கிரிபித் என்பாரின் நிலமதிப்பேடு, சிறு குடியானவர் பெயர்களையும் தாங்கி நிற்கின்றது.

எரிந்த ஏடுகளின் படிகளைப் பிற நூலகங்களினின்றும் திரட்டி, 2022-ஆம் ஆண்டில் அயர்லாந்து அறிஞர் இணையத்தில் ஒரு ஆவணக் களஞ்சியத்தைத் திறந்தனர். வரலாறு மன்னரது பட்டயங்களில் மட்டும் உறைவதன்று என்பதனை மாணவர் இதனால் உணர்வாராக. எளியோர் பெயர் வரியேட்டிலும் விண்ணப்பத்திலும் மறைந்து கிடக்கும். பொறுமையுடன் தேடுவார்க்கு அது வெளிப்படும்.