உயிரணுவின் அச்சாணி

பெருந்தேர் ஒன்று வீதியில் அசைந்து வருங்கால், காண்போர் கண்கள் அதன் கலசத்தையும் சிற்பங்களையும் தொங்கும் தொம்பைகளையுமே நாடும். சக்கரம் அச்சினின்று கழன்றுவிடாமற் காத்து நிற்கும் சிற்றாணியை எவரும் நோக்குவதில்லை. ஆயினும், அவ்வாணி கழன்றுவிடின் தேர் நிலைபெயராது. இவ்வுண்மை தேருக்கு மட்டும் உரியதன்று. உயிருள்ள உடலுக்கும் உரியதாம். மனித உடலில் அச்சாணிபோல நின்று கடமையாற்றும் ஒரு சிறு புரதத்தையும், அதனை ஆக்குதற்குரிய மரபணுவையும் பற்றி அறிவியலார் கண்டறிந்த செய்திகள் இதனை நன்கு விளக்குகின்றன.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவை இயங்குதற்கு இடையறாத ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை ஆக்கித் தருவன, உயிரணுவினுள் உறையும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள். 1898ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா என்னும் செருமானிய அறிஞர் இப்பெயரை இட்டார். இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆதலின் தமிழில் இதனை இழைமணி என்று வழங்குதல் மிகப் பொருந்தும். உண்ட உணவின் சத்தை, மூச்சின் வழியே வந்த உயிர்வளியின் துணைகொண்டு எரித்து, உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலாக மாற்றுவதே இழைமணியின் தலையாய தொழில். செங்குருதி அணுக்களை ஒழித்து, ஏனைய உயிரணுக்கள் பெரும்பாலும் இதனை நம்பியே வாழ்கின்றன.

இழைமணியின் வரலாறு வியப்புக்குரியது. ஒருவனது குலப் பரம்பரையை எழுதி வைத்த ஏடுபோல, உயிரின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் பொருளில் எழுதப்பட்டுள்ளது. அவ்வேடு உயிரணுவின் நடுவிலுள்ள உட்கருவில் மட்டுமே உளது என்று அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1963இல் இழைமணியினுள்ளும் டி.என்.ஏ. உண்டு என்பது புலனாயிற்று. இது எங்ஙனம் வந்தது? தனித்து வாழ்ந்த பாக்டீரியா ஒன்று, பண்டை நாளில் மற்றோர் உயிரணுவினுட் புகுந்து, அங்கேயே நிலைத்து, காலப்போக்கில் இழைமணியாக மாறிற்று என்னும் கருத்தை லின் மார்குலிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் 1967இல் விரித்துரைத்தார். முதலில் பலர் ஏற்கத் தயங்கிய இக்கருத்து, பின்னர்ச் சான்றுகளால் உறுதி பெற்றது. விருந்தாய் வந்தது வீட்டாருள் ஒருவராய் ஆயிற்று.

ஆயினும் அவ்விருந்து தன் உடைமைகளுட் பெரும்பாலானவற்றை வீட்டுத் தலைவனிடமே ஒப்படைத்துவிட்டது. 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர்கள் மனித இழைமணியின் ஏட்டை முழுதும் படித்தறிந்தனர். அதில் உள்ளவை 16,569 எழுத்து இணைகளே. மரபணுக்கள் 37 மட்டுமே. அவற்றுள் புரதம் ஆக்குதற்குரியவை 13. இப்பதின்மூன்று புரதங்களும் ஆற்றலை ஆக்கும் பொறிகளின் இன்றியமையாத உறுப்புகளாகும். எஞ்சிய மரபணுக்களோ அப்புரதங்களைச் சமைக்கும் வேலைக்குத் துணையாகும் ஆர்.என்.ஏ. என்னும் பொருள்களைத் தருவன.

புரதங்களைச் சமைக்கும் பணிமனைக்கு ரைபோசோம் என்பது பெயர். இழைமணிக்கெனத் தனி ரைபோசோம் உண்டு. அது பெருங்கூறு, சிறுகூறு என இரு கூறுகளால் ஆயது. அதற்கு வேண்டிய ஆர்.என்.ஏ. இழைமணியின் சொந்த ஏட்டினின்று கிடைக்கிறது. ஆனால் அதில் அமைந்துள்ள ஏறத்தாழ 80 புரதங்களுள் ஒன்றுகூட இழைமணியின் ஏட்டில் எழுதப்படவில்லை. அவை அனைத்தும் உட்கருவின் மரபணுக்களைக் கொண்டே ஆக்கப்படுகின்றன. பதின்மூன்று புரதங்களைச் செய்துகொள்ள எண்பது புரதங்களை வெளியினின்று வரவழைக்க வேண்டியிருக்கிறது!

அத்தகைய மரபணுக்களுள் ஒன்றே எம்.ஆர்.பி.எஸ்.16 என்பது. மனிதனின் பத்தாம் குரோமோசோமில் அது அமைந்துள்ளது. சிறுகூற்றின் பதினாறாம் புரதத்தை ஆக்கும் மரபணு என்பதே அப்பெயரின் பொருள். அது ஆக்கும் புரதம் 137 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட ஒரு சிறு மாலை. அது சமைக்கப்படும் இடம் இழைமணிக்குப் புறத்தே உள்ளது. ஆங்கிருந்து, கடிதம் முகவரியால் உரியவரிடம் சேர்வதுபோல, தன் முனையில் அமைந்த குறிப்பினால் இழைமணியை அடைந்து, அதன் இருபெரும் படலங்களின் வாயில்களையும் கடந்து, உள்ளே சிறுகூற்றில் தனக்குரிய இடத்தில் அமர்கிறது. இதனையொத்த புரதம் பாக்டீரியாக்களிலும் உண்டு. சிறுகூறு உருப்பெறுங்கால் ஆர்.என்.ஏ. இழையைப் பற்றி நிறுத்துவது அதன் கடமை. பண்டைய உறவுக்கு இது ஒரு சான்றாம்.

இவ்வளவு சிறிய பொருள் பழுதுற்றால் என்ன நேரும்? 2004ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இவ்வினாவுக்கு விடை தந்தது. பிறந்த பச்சிளங்குழவி ஒன்றின் குருதியில் லாக்டிக் அமிலம் அளவு கடந்து மிகுந்திருந்தது. இழைமணியின் பொறிகள் ஓய்ந்துவிடின், சர்க்கரை முழுதும் எரியாது பாதியில் நின்று இவ்வமிலமாக மாறும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமும் அக்குழவிக்கு உருவாகவில்லை. மருத்துவர் முயன்றும் அது பிழைக்கவில்லை. காரணத்தை நாடிய ஆராய்ச்சியாளர், அதன் இழைமணிகளில் புரதம் சமைக்கும் தொழிலே குன்றியிருந்தமை கண்டனர். மேலும் தேடியபோது, எம்.ஆர்.பி.எஸ்.16 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது தெரியவந்தது. வாக்கியம் முடியுமுன் இடையில் முற்றுப்புள்ளி விழுந்தாற்போல, அப்புரதம் முழுமை பெறாது நின்றுவிட்டது. அதனைச் சார்ந்து நிற்கும் சிறுகூற்றின் ஆர்.என்.ஏ.யும் மிகக் குறைந்து போயிருந்தது. ஆணி கழன்றது, சக்கரம் சாய்ந்தது, தேர் நின்றது.

இந்நோய்க் குழவியின் பெற்றோர் எக்குற்றமும் செய்தவரல்லர். இழைமணியின் சொந்த ஏடு தாய்வழியே வருவது. ஆதலின் இழைமணி நோய் யாவும் தாயினின்றே வருவன எனக் கருதுவாரும் உளர். அது பிழை. உட்கருவின் மரபணுக்கள் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளாய் வருகின்றன. ஒரு படி பழுதுற்றாலும் மற்றொன்று கடமையாற்றுவதால், அத்தகைய பெற்றோர் நலமாகவே வாழ்வர். தம்மிடம் பழுது உளது என்பதையும் அறியார். இருவரிடத்தும் உள்ள பழுதுற்ற படிகள் ஒருங்கே குழந்தையை அடையும்போதுதான் நோய் வெளிப்படும். ஒவ்வொரு பேற்றிலும் அவ்வாறு நேர்தற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதனை அறிந்தோர், குழந்தையை இழந்து வாடும் தாயைப் பழித்துரையார். மரபணுவை ஆராய்ந்து, மேல்வரும் மக்களைப் பற்றி முன்னரே அறிவுரை பெறவும் இவ்வறிவு வழிகாட்டுகிறது.

அக்குழவியின் நோய்க்காரணம் வெளியான நாளில், இழைமணி ரைபோசோமின் உருவம் அணு அணுவாக விளங்கக் காணப்படவில்லை. 2015இல் அக்குறை நீங்கிற்று. பொருளைக் கடுங்குளிரில் உறையச் செய்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கும் முறையைக் கொண்டு, மனித இழைமணி ரைபோசோமின் முழு உருவத்தைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வெளியிட்டனர். அக்குழுவினருள் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் ஒருவர். தில்லையாகிய சிதம்பரத்தில் 1952இல் பிறந்த அவர், பாக்டீரியாவின் ரைபோசோமை ஆராய்ந்தமைக்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டவர்.

இழைமணிப் புரதத் தொழில் கெடுவதால் வரும் இத்தகைய நோய்களை முற்றத் தீர்க்கும் மருந்து இன்னும் கைகூடவில்லை. ஆயினும் காரணம் அறியாத துன்பத்தினும் காரணம் அறிந்த துன்பம் தாங்குதற்கு எளிது. தீர்வுக்கு முதற்படியும் அதுவே. உயிரணுவினுள் பெரிது சிறிது என்னும் வேறுபாடு இல்லை. உட்கரு இழைமணிக்குப் புரதம் ஈகின்றது. இழைமணி உட்கருவுக்கு ஆற்றல் ஈகின்றது. 137 மணிகள் கோத்த சிறு மாலை ஒன்றும் தன் இடத்தில் தவறாது நிற்பதாலேயே நாம் மூச்சுவிடும் மூச்சு பயன்படுகிறது. தேரை வியப்போர் அதன் அச்சாணியையும் ஒருகால் நினைத்தல் வேண்டும்.