லைப்ரரி காணோம் என்று லினக்ஸ் சொன்னால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லினக்ஸில் ஒரு மென்பொருளை இறக்கி, ஆவலோடு இயக்கிப் பார்க்கும்போது இப்படி ஒரு வரி வந்து நிற்கும்: "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1: கேன்னாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்". பலரும் இந்த வரியைப் படிப்பதில்லை. அப்படியே எடுத்துத் தேடுபொறியில் ஒட்டி, முதலில் கண்ணில் படும் கமாண்டை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவும் சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். கணினி கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தப் பிழையால் அல்ல, அதற்குச் செய்த கைவைத்தியத்தால்.

அந்த வரியோ மிகத் துல்லியமானது. நிரலைத் தொடங்கிவைக்கும் லோடர், நிரல் கேட்ட லைப்ரரியைப் பெயர் சொல்லித் தேடியிருக்கிறது. தேட வேண்டிய இடங்களில் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. எந்த லைப்ரரி, எந்த எண் என்பதுவரை சொல்லியும்விட்டது. இதற்குமேல் என்ன செய்வது என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் புகுந்துகொள்கின்றன. லினக்ஸுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் இவற்றால் இயங்குதளத்தையே பாழாக்கிக்கொண்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று திரும்பிப் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். டெபியன், உபுண்டு குடும்பத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற லினக்ஸ்களில் கமாண்டுகள் மாறலாம், காரணங்கள் மாறாது.

நம்பிக்கை: 1.1 இல்லையென்றால், இருக்கிற 3-க்கு அந்தப் பெயரில் ஒரு லிங்க் போட்டால் போதும்

அடிக்கடி தரப்படும் யோசனை இது. கெடுதலும் இதில்தான் அதிகம்.

லைப்ரரியின் பெயரில் "எஸ்ஓ" என்பதற்குப் பின்னால் வரும் எண் அழகுக்காக வைத்ததல்ல. அந்த எண் மாறாதவரை பழைய நிரல்கள் அப்படியே ஓடும் என்பது லைப்ரரியை எழுதியவர்கள் தரும் உறுதி. உள்ளமைப்பை மாற்றி, பழைய நிரல்கள் இனி ஓடாது என்ற நிலை வரும்போது எண்ணை உயர்த்துகிறார்கள். மேலே கண்ட லிப்எஸ்எஸ்எல் அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.0 பதிப்பு செப்டம்பர் 2021-ல் வெளிவந்தது. உபுண்டு 22.04 அதை ஏற்றுக்கொண்டு 1.1-ஐ விட்டுவிட்டது. அதனால் உபுண்டு 20.04-க்காகக் கட்டப்பட்ட நிரல்களை 22.04-ல் ஓட்டியவர்கள் பலர் மேலே சொன்ன வரியைப் பார்த்தார்கள்.

இப்போது 3-க்கு 1.1 என்று லிங்க் போட்டால் என்ன ஆகும்? லோடர் கோப்பைத் திறக்கும். திறந்ததும் "ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்பு இதில் இல்லை" என்று அடுத்த பிழையைக் காட்டி நின்றுவிடும். அப்படி நின்றால் நல்லது. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பதிப்புப் பெயரைப் பொறித்து வைத்திருப்பதால் பொய் உடனே பிடிபடுகிறது. இப்படிப் பொறிக்காத லைப்ரரிகள் நிறைய உண்டு. அங்கே லிங்க் போட்டால் நிரல் தொடங்கிவிடும், சரியாகிவிட்டது என்றும் தோன்றும். அதே பெயருள்ள செயற்கூறு வேறு அமைப்பில் தரவை எதிர்பார்க்கும் இடம் வரும்போது நிரல் பாதியில் சாகும். அல்லது சாகாமல் தவறான மதிப்புகளை எழுதிக்கொண்டே போகும். காலியான மருந்துப் புட்டியின் சீட்டைக் கிழித்து வேறொரு புட்டியில் ஒட்டி, அதிலிருந்து குடிக்கக் கொடுப்பது போன்ற வேலை இது.

சில சமயம் இந்த லிங்க் வேலை செய்வதும் உண்டு. லிப்டின்ஃபோ 5 கேட்ட நிரலுக்கு 6-ஐக் காட்டிச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிரல் தொட்ட செயற்கூறுகள் மாறாமல் இருந்ததால் அது ஓடியது. முன்கூட்டியே அதைத் தெரிந்துகொண்டு அவர்கள் லிங்க் போடவில்லை.

சரியான வழி, உங்கள் இயங்குதளப் பதிப்புக்கென்று கட்டப்பட்ட மென்பொருளைத் தேடுவது. ஃப்ளாட்பேக், ஸ்னாப் வடிவில் கிடைத்தால் தேவையான லைப்ரரிகள் அதனுடனேயே வரும். பழைய மென்பொருளை விட முடியாது என்றால் பழைய இயங்குதளத்தை ஒரு கன்டெய்னருக்குள் வைத்து அங்கே ஓட்டலாம். பழைய உபுண்டுவிலிருந்து 1.1 பேக்கேஜை மட்டும் இறக்கிப் போடுவதும் வேலைசெய்யும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்துவிட்டது. கையால் போட்ட அந்தக் கோப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து சேராது. கடவுச்சொற்களையும் பண விவரங்களையும் மறையாக்கம் செய்து அனுப்பும் லைப்ரரியை அப்படி விட்டுவைக்கக் கூடாது.

நம்பிக்கை: ஜிலிப்சி பழையது என்றால் புதியதை இறக்கி மாற்றிவிடலாம்

வேண்டவே வேண்டாம். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. "ஜிலிப்சி_2.34 காணவில்லை" என்ற செய்தியின் பொருள், அந்த நிரல் உங்களுடையதைவிடப் புதிய கணினியில் கட்டப்பட்டது என்பதே. ஜிலிப்சியின் 2.34 பதிப்பு ஆகஸ்ட் 2021-ல் வந்தது. டெபியன் 11-லும் உபுண்டு 20.04-லும் இருப்பது 2.31. உபுண்டு 22.04-ல் 2.35, டெபியன் 12-ல் 2.36. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும்படி அதைப் பராமரிப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

எல்எஸ், பாஷ், சூடோ என்று கணினியில் நீங்கள் தொடும் ஏறக்குறைய எல்லாமே ஜிலிப்சியின் மேல்தான் நிற்கின்றன. அதைக் கையால் பிடுங்கி மாற்றும்போது பாதியில் தவறினால், தவறைச் சரிசெய்யத் தேவையான கமாண்டுகளும் ஓடாது. அதன்பின் யுஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றித்தான் மீட்க வேண்டும். இயங்குதளம் முழுவதையும் அடுத்த பதிப்புக்கு உயர்த்துங்கள், அல்லது மூலநிரல் கிடைத்தால் உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்ளுங்கள். நிரலை வெளியிடும் இடத்தில் நீங்கள் இருந்தால், பயனர்களிடம் இருப்பதிலேயே பழைய இயங்குதளத்தில் கட்டி வெளியிடுங்கள்.

நம்பிக்கை: கோப்பு கண்முன்னே இருக்க "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றால் பதிவிறக்கம் பழுதாகிவிட்டது

எல்எஸ் போட்டால் கோப்பு தெரிகிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". தொடக்கக்காரர்களை இதைவிடக் குழப்பும் செய்தி வேறில்லை. இங்கே மட்டும் குற்றம் படிப்பவருடையதல்ல, செய்தி உண்மையிலேயே பாதியைத்தான் சொல்கிறது. காணாமல் போனது அந்தக் கோப்பு அல்ல, அதைத் தொடங்கிவைக்க வேண்டிய லோடர்.

ஷேர்ட் லைப்ரரிகளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலும் தனக்கு எந்த லோடர் வேண்டும் என்பதைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். 32-பிட் நிரல் கேட்பதும் 64-பிட் நிரல் கேட்பதும் வேறு வேறு. 64-பிட் மட்டும் நிறுவிய கணினியில் 32-பிட் நிரலை இயக்கினால், கெர்னல் அந்த லோடரைத் தேடிக் கிடைக்காமல் "கோப்பு இல்லை" என்று சொல்லிவிடுகிறது. ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற வேறு சி லைப்ரரி இருப்பதால், உபுண்டுவில் கட்டிய நிரலை அங்கே கொண்டுபோனாலும் இதே கதைதான். "ஃபைல்" என்ற கமாண்டுக்கு நிரலின் பெயரைக் கொடுங்கள். எத்தனை பிட், எந்த லோடர் என்று இரண்டையும் காட்டிவிடும். உபுண்டு, டெபியனில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்துத் தேவையான 32-பிட் பேக்கேஜ்களை நிறுவினால் தீர்ந்தது. 32-பிட் உலகம் செத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2019-ல் உபுண்டு 19.10-லிருந்து இந்தப் பேக்கேஜ்களை முழுவதும் நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் உட்பட பலரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தேர்ந்தெடுத்த 32-பிட் பேக்கேஜ்கள் தொடரும் என்று உபுண்டு தன் முடிவை மாற்றிக்கொண்டது.

விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட்களிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். "பாஷ்" என்று நீங்கள் எழுதியது கெர்னலுக்கு வேறு பெயராகத் தெரியும், அந்தப் பெயரில் கோப்பு இருக்காது. டாஸ்2யுனிக்ஸ் கமாண்ட் அதை நீக்கிவிடும்.

நம்பிக்கை: ஏபிடி கேட்கும் கேள்விகள் வெறும் சம்பிரதாயம், "ஒய்" தட்டினால் போதும்

2021 நவம்பரில் வெளியான ஒரு வீடியோவை உலகம் முழுவதும் பார்த்தார்கள். கணினித் துறையில் புகழ்பெற்ற யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீமை நிறுவ முயல்கிறார். அந்த நேரத்தில் அந்தப் பேக்கேஜின் சார்புகளில் ஒரு முரண் இருந்தது. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி அதைத் தீர்க்கக் கண்ட வழி, டெஸ்க்டாப்பையே நீக்குவது. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டியது. இது ஆபத்து என்று எச்சரித்தது. "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் தட்டச்சு செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விளையாட்டு மென்பொருள் ஒன்றைக் கேட்டதற்கு அந்த நிலைவரை கொண்டுபோன பேக்கேஜின் பழுதுதான் முதல் குற்றவாளி. ஆனால் தப்பிக்கும் வழி திரையிலேயே இருந்தது: நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியல். எதையாவது நிறுவச் சொல்லும்போது "நீக்கப்படும்" என்ற தலைப்பு தெரிந்தாலே கையை எடுத்துவிடுங்கள்.

நிறுவாமலே இயக்கக்கூடிய ஆப்இமேஜ் கோப்புகளைப் பயன்படுத்துவோருக்கு இந்த எச்சரிக்கை நேரடியாகவே பொருந்தும். உபுண்டு 22.04-ல் பல ஆப்இமேஜ்கள் லிப்ஃப்யூஸ்.எஸ்ஓ.2 இல்லை என்று நின்றுவிடும். அதற்கு நிறுவ வேண்டியது "லிப்ஃப்யூஸ்2" பேக்கேஜ். பெயர் ஒத்துப்போகிறதே என்று "ஃப்யூஸ்" பேக்கேஜை நிறுவினால், அது ஃப்யூஸ்3-ஐ வெளியே தள்ளும், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பகுதிகளும் கூடவே போகக்கூடும். ஆப்இமேஜ் ஆவணங்களே இதை வெளிப்படையாக எச்சரிக்கின்றன.

நம்பிக்கை: பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் அது இப்போது லினக்ஸில் இல்லை

பெயர் மாறியிருக்கலாம். உபுண்டு 24.04-ல் "லிப்அசவுண்ட்2" கேட்டால் நிறுவத் தகுந்தது இல்லை என்று பதில் வரும். பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் இங்கே திகைக்கிறார்கள். லைப்ரரி எங்கும் போகவில்லை, "லிப்அசவுண்ட்2டி64" என்ற பெயரில் இருக்கிறது. காரணம் சுவையானது. 32-பிட் எண்ணில் நொடிகளை எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19-உடன் எண்ணிக்கை நிரம்பிவிடும். அதைத் தவிர்க்க டெபியனும் உபுண்டுவும் 32-பிட் ஏஆர்எம் போன்ற கட்டமைப்புகளில் நேரத்தை 64-பிட்டுக்கு மாற்றின. அதனால் உள்ளமைப்பு மாறிய லைப்ரரிப் பேக்கேஜ்களுக்கு "டி64" வால் ஒட்டியது. உங்கள் 64-பிட் மடிக்கணினியில் பெயர் மட்டுமே மாறியது. டெபியன் 13-லும் இதே பெயர்கள்தான்.

எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று ஊகிக்கவே தேவையில்லை. ஏபிடி-ஃபைல் கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பேக்கேஜின் பெயர் கிடைக்கும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ். இறக்கும்போது "404" வந்தால் உங்களிடம் இருக்கும் பட்டியல் பழையது, முதலில் ஏபிடி அப்டேட் செய்யுங்கள். அப்போதும் வந்தால் உங்கள் பதிப்பின் ஆயுளே முடிந்து, களஞ்சியம் பழைய வெளியீடுகளுக்கான தளத்துக்குப் போயிருக்கலாம்.

நம்பிக்கை: அனுமதி மறுத்தால் சூடோ பிப், பூட்டியிருந்தால் பூட்டை அழி

டெபியனிலும் உபுண்டுவிலும் இயங்குதளத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பை சூடோ சேர்த்து ஓட்டினால், அந்தக் கருவிகள் நம்பியிருக்கும் லைப்ரரியை மறைத்துக்கொண்டு வேறு பதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். ஏபிடியின் பதிவேட்டுக்கு அது தெரியவே தெரியாது. இதைத் தடுக்கத்தான் ஜூன் 2023-ல் வந்த டெபியன் 12 முதல் பிப் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று சொல்லி மறுக்கிறது. அதை மீறும் விருப்பத்தேர்வின் பெயரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்". ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வெர்ச்சுவல் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். ஒரு நிமிட வேலை.

ஏபிடிக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி, ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்க வைக்கும் பூட்டும் அப்படியே. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும், காத்திருந்தால் முடிந்துவிடும். பூட்டுக் கோப்பை அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதக்கூடும். மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" மிச்ச வேலையை முடித்துத் தரும்.

நம்பிக்கை: எல்டி_லைப்ரரி_பாத்தை பாஷ்ஆர்சியில் எழுதிவிட்டால் எல்லாம் கிடைக்கும்

எல்டி_லைப்ரரி_பாத் என்பது லைப்ரரிகளைத் தேடும் கூடுதல் இடங்களை லோடருக்குச் சொல்லும் மாறி, பாஷ்ஆர்சி என்பது டெர்மினலைத் திறக்கும்போது படிக்கப்படும் கோப்பு. ஒரு நிரலுக்காக அங்கே காட்டிய பாதை, அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் எல்லா நிரல்களுக்கும் பொருந்திவிடும். பிறகு தொடர்பே இல்லாத வேறொன்று விழும், காரணத்தைக் கண்டுபிடிக்க நாளாகும். அந்த ஒரு நிரலை இயக்கும்போது மட்டும் முன்னால் சேர்த்துக் கொடுங்கள். நீங்களே மூலநிரலிலிருந்து கட்டி /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் போட்ட லைப்ரரி கண்டுகொள்ளப்படவில்லை என்றால், பெரும்பாலும் தேவைப்படுவது எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டுவது மட்டும்தான். லோடர் பார்ப்பது ஏற்கெனவே தயாரித்து வைத்த ஒரு பட்டியலை, அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் கமாண்ட் அது.

ஒரு நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று பார்க்க எல்டிடி அருமையான கருவி, "நாட் ஃபவுண்ட்" என்று வரும் வரிகளைப் பார்த்தால் போதும். ஆனால் நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலை அதனிடம் கொடுக்காதீர்கள். சில சூழல்களில் எல்டிடி அந்த நிரலை இயக்கியே தகவலைப் பெறுகிறது என்று அதன் கையேடே சொல்கிறது. அத்தகைய நிரலுக்கு ஆப்ஜ்டம்ப் -பி கொடுத்து "நீடெட்" என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். கோப்பை இயக்காமலே அதற்கு நேரடியாகத் தேவையான லைப்ரரிகளின் பெயர்கள் கிடைத்துவிடும்.