சுழலும் தண்டின் சூட்சுமம்

சாலையோரத்தில் பழுதாகி நிற்கும் லாரியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கியர் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை நீண்ட இரும்புக் குழாய் ஒன்று செல்வதைக் காணலாம். அதுவே இயக்குத்தண்டு. பட்டறையில் இதைப் புரொப்பலர் ஷாப்ட் என்பார்கள். முன்னால் உள்ள எஞ்சினின் ஆற்றலைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது இத்தண்டுதான். பந்தயக் காரில் இதனைப் பொருத்துவது ஒரு தனிக் கலை. அதில் அடங்கியுள்ள விஞ்ஞானத்தை இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்காவில் 'டிராக் ரேஸ்' என்றொரு பந்தயம் உண்டு. இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது ஏறக்குறைய 402 மீட்டரை, நேர்ப்பாதையில் சில வினாடிகளில் கடக்கும். இது ஆடவர்க்கே உரிய விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 1977-ஆம் ஆண்டில் இதன் மிக உயர்ந்த வேகப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர் ஷெர்லி மல்டவுனி என்னும் பெண்மணி. இப்பந்தயத்தில் ஓடும் கார்களுள், சாதாரணக் காரின் அமைப்பிலேயே முன்புறம் எஞ்சின் வைத்துக் கட்டப்பட்டவை பல. அவற்றில் இயக்குத்தண்டு ஓட்டுநரின் இருக்கைக்கு அருகிலேயே, தரைத் தகட்டுக்குக் கீழே சுழல்கிறது. ஆகவே, அதைப் பொருத்துவதில் பிழை நேர்ந்தால் வெற்றி மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும்.

கியர் பெட்டி காரின் உடலோடு அசையாமல் நிற்கிறது. பின் அச்சோ ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்குகிறது. அசையாத ஒன்றையும் அசையும் ஒன்றையும் எவ்வாறு இணைப்பது? இதற்காகத் தண்டின் இரு முனைகளிலும் வளையும் இணைப்பு ஒன்று உண்டு. இரண்டு இரும்புக் கவைகளுக்கு நடுவே சிலுவை வடிவத் துண்டு ஒன்று அமர்ந்திருக்கும். லாரிப் பட்டறையில் அதை 'கிராஸ்' என்பார்கள். மீள்தன்மை விதியில் நாம் படித்த அதே ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டில் இவ்விணைப்பை ஆராய்ந்து எழுதினார். அதனால் இது 'ஹூக் இணைப்பு' எனவும் வழங்குகிறது. மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு இதனைச் செம்மைப்படுத்தி 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

ஆனால் இவ்விணைப்பில் ஒரு குறை உண்டு. கோணத்தில் வளைந்து சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரைந்தும் இரு முறை தயங்கியும் செல்கிறது. கோணம் 30 பாகை என்று கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்று உள்ளே சென்றால், வெளியே வரும் வேகம் 866-க்கும் 1155-க்கும் இடையே ஊசலாடும். கோணம் 3 பாகையானால் இந்த ஊசலாட்டம் 1000-க்கு ஒன்றரை அளவே. எனினும் நிமிடத்துக்கு 7000 சுற்று ஓடும் பந்தயக் காரில், இச்சிறு குலுக்கல் வினாடிக்கு 230 முறைக்கு மேல் நிகழ்கிறது! இரும்பு களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

இதற்குரிய மருந்து மிக அழகானது. முன் இணைப்பு செய்யும் பிழையைப் பின் இணைப்பைக் கொண்டே நேர்செய்கிறார்கள். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்து, தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் அமைந்தால், முதல் இணைப்பு விரையச் செய்வதை இரண்டாவது தயங்கச் செய்துவிடும். நடுவில் உள்ள தண்டு மட்டுமே ஊசலாடும். பின் அச்சு சீராகச் சுழலும். கியர் பெட்டியின் அச்சுக் கோடும் பின் அச்சிலுள்ள பினியன் பற்சக்கரத்தின் அச்சுக் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இந்தச் சமக்கோணம் கிடைத்துவிடும்.

அப்படியானால் கோணமே இல்லாமல் நேராக வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் ஆகாது. கிராஸின் முனைகளில் ஊசி போன்ற சிறு உருளைகள் உள்ளன. கோணம் இல்லையேல் அவை உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழச் செய்யும். ஆகவே அரைப் பாகை முதல் ஒரு பாகையாவது கோணம் வேண்டும்.

இங்கேதான் பந்தயக் காரின் சூட்சுமம் இருக்கிறது. கார் சீறிப் புறப்படும்போது, சக்கரத்தைத் திருப்பும் விசையின் எதிர்விசையால் பின் அச்சு முறுக்கப்பட்டு, பினியனின் முகம் மேல்நோக்கி எழும்புகிறது. நிற்கும்போது இணையாக இருந்த கோடுகள் ஓடும்போது இணையாக இரா. எனவே அனுபவமுள்ள மெக்கானிக், பினியனின் முகத்தை முன்கூட்டியே சிறிது தாழ்த்தி வைக்கிறார். கமான் பட்டை வளையக்கூடியது; ஆதலால் அது உள்ள காரில் சில பாகைகள் தாழ்த்த வேண்டும். உறுதியான இரும்புக் கம்பிகளால் அச்சைப் பிணைத்த காரில் ஒன்றிரண்டு பாகை போதும். ஓட்டுநரின் எடையும் எரிபொருளும் ஏறிய நிலையில், சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்கும்போதே கோணத்தை அளக்க வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் கணக்கு பொய்க்கும்.

அச்சு ஏறி இறங்கும்போது தண்டுக்கு உரிய தூரமும் கூடிக் குறையும். ஆதலால் அதன் முன்முனை, கியர் பெட்டிக்குள் நழுவிச் சென்று வருமாறு பல்வெட்டோடு அமைந்துள்ளது. உள்ளே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுவைப்பார்கள். இடம் விடாவிட்டால் தண்டு கியர் பெட்டியை இடித்து உடைக்கும்.

தண்டின் நீளமும் கவனிக்கத்தக்கது. நாம் ஸ்கிப்பிங் ஆடும்போது கயிறு நடுவில் வில்லாக வளைகிறதல்லவா? குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டினால் இரும்புத் தண்டும் அவ்வாறே வளைந்து, முறுக்கிக்கொண்டு உடையும். தண்டின் நீளம் இரு மடங்கானால் இந்த ஆபத்து வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குழாயின் விட்டத்தைக் கூட்டினால் ஆபத்து வேகம் உயரும். ஆகவேதான் கனத்த கம்பிக்குப் பதில் அகன்ற குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு இறக்கை வளைந்த மின்விசிறி ஆடுவதுபோல், எடை ஒரு பக்கம் மிகுந்த தண்டும் அதிரும். அதனால் சிறு எடைத் துண்டுகளைப் பற்றவைத்துச் சமன் செய்வதும் இன்றியமையாதது.

இத்தனை செய்தும் கிராஸ் உடைந்துவிட்டால்? முன் இணைப்பு முறிந்த தண்டு சாலையில் விழுந்து ஊன்றிக்கொண்டால், ஓடும் காரையே தூக்கி எறிந்துவிடும். அதைத் தடுக்கவே, முன் இணைப்பிலிருந்து 6 அங்குலத்துக்குள், தண்டைச் சுற்றி வலுவான எஃகு வளையம் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று பந்தய விதி கூறுகிறது. பட்டையால் செய்த வளையமானால் அதன் அகலம் 2 அங்குலமும் கனம் கால் அங்குலமும் இருத்தல் வேண்டும். பந்தயம் முழுவதும் அவ்வளையத்துக்கு வேலையே இல்லாமல் போகலாம். ஆனால் வேலை வரும் அந்த ஒரு நொடியில் அது ஓர் உயிரைக் காக்கும்.

தோழியரே! பார்வையாளர்கள் காரின் வேகத்தையும் ஓட்டுநரின் துணிவையும் கண்டு கைதட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் சுழலும் தண்டை யாரும் நினைப்பதில்லை. முந்திய இரவு கோணமானியோடு காரடியில் படுத்து, அரைப் பாகைக்காக மீண்டும் மீண்டும் அளந்து பார்த்த கைகளையும் யாரும் அறிவதில்லை. நமது ஜியாமெட்ரி பெட்டியிலும் ஒரு கோணமானி இருக்கிறது. கோணங்களைத் தேர்வுக்காக மட்டும் அளக்கும் நாம், ஓர் உயிர் அந்த அளவை நம்பி ஓடக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.