பல்லை அடைக்கையில் ஈரம் ஏன் ஆகாது?

சொத்தைப் பல்லை அடைக்கும்போது நாங்கள் பஞ்சை அடிக்கடி மாற்றுவதும், உமிழ்நீரைக் குழாயால் உறிஞ்சுவதும், பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுவதும் சிலருக்குச் சலிப்பைத் தரலாம். ஆனால் அடைப்பின் ஆயுள் பெரிதும் அந்த உலர்வைச் சார்ந்தது.

பல் நிறத்திலுள்ள காம்போசிட் அடைப்பு தானாகப் பல்லில் ஒட்டாது. முதலில் சுமார் 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலக் கூழை எனாமலில் 15 முதல் 30 விநாடிகள் வைத்துக் கழுவுகிறோம். அதனால் உண்டாகும் நுண்துளைகளுள் ஒட்டுபசை இறங்கி, நீல ஒளியில் இறுகி, வேர்போலப் பற்றிக்கொள்கிறது.

இடையில் உமிழ்நீர் பட்டால் அதன் புரதங்கள் மெல்லிய படலமாகத் துளைகளை மூடிவிடும். காற்றால் உலர்த்தினாலும் அப்படலம் நீங்காது. அப்பகுதியை மீண்டும் தூய்மை செய்தே ஒட்டவேண்டும். தவறினால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி தோன்றி, அதன் வழியே கிருமிகள் நுழையும். கூச்சமும், ஓரக் கறையும், அடைப்பின் அடியில் மறைவாகப் புதிய சொத்தையும் இதனால் நேரலாம்.

கிளாஸ் அயனோமர் ஈரத்தைச் சற்றுப் பொறுக்கும். ஆயினும் இறுகுமுன் நீர் பட்டால் மேற்பரப்பு நலியும். ஆகவே அதன்மேல் காப்புப் பூச்சு இடுகிறோம்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. மூக்கடைப்போ ரப்பர் ஒவ்வாமையோ இருந்தால் முன்பே கூறுங்கள். குழந்தைகளுக்காகப் பெற்றோர் இதைத் தெரிவிக்கவேண்டும்.
2. மூக்கால் மூச்சு விடுங்கள். இருமவோ விழுங்கவோ தோன்றினால் வாயை மூடாமல் கையை உயர்த்துங்கள், நாங்கள் நிறுத்துவோம்.
3. சில வாரங்களுக்குப் பின்னும் கூச்சம் தொடர்ந்தாலோ, ஓரத்தில் உணவு சிக்கினாலோ, வலி வரும்வரை காத்திராமல் வந்து காட்டுங்கள்.