நுரையீரல் புற்றுநோய்: எப்போது அறுவை, எப்போது வேண்டாம்?



நுரையீரலில் புற்றுநோய் என்று கேட்டவுடனே, "வெட்டி எடுத்துவிடலாமே, டாக்டர்?" என்பதே குடும்பத்தாரின் முதல் கேள்வி. கட்டி சிறியதாய் ஓரிடத்தில் இருந்தால் நாமும் அதையே விரும்புவோம். நோய் நெஞ்சின் நடுவே, மூச்சுக்குழாயை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலோ (இது மூன்றாம் நிலை) பதில் அத்தனை எளிதன்று. "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே பலர் கலங்குகிறார்கள்.

1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் ஒரு நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றினார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். அதன்பின் சுமார் 30 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். நெடுங்காலம் புகைபிடித்த கிரஹாமோ 1957இல் இதே நோயால் மரித்தார்.

மூன்றாம் நிலையில் கத்தி எவ்வளவு உதவுகிறது? வட அமெரிக்காவில் 396 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. எல்லாருக்கும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பின்பு ஒரு பிரிவினருக்கு அறுவை. மற்றவர்களுக்குக் கதிர்வீச்சையே தொடர்ந்து முடித்தார்கள். 5 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 27 பேர், மற்றதில் 20 பேர். அறுவையே மேல் என்று உறுதியாய்ச் சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை.

ஆனால் உள்ளே ஒரு முக்கியமான கணக்கு இருந்தது. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒரு மடலை மட்டும் எடுத்த 98 பேரில் ஒருவரே சிகிச்சையின் விளைவாக இறந்தார். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் இழந்த 54 பேரிலோ 14 பேர் இறந்தார்கள்! கீமோதெரபியாலும் கதிர்வீச்சாலும் களைத்த உடம்பில், மிஞ்சிய ஒரே நுரையீரல் இதயம் அனுப்பும் இரத்தம் அனைத்தையும் தாங்க வேண்டும். ஆகையால்தான் டாக்டர் முதலில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளக்கிறார். கணுவிலிருந்து சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்கிறார். இந்தப் பரிசோதனைகளுக்குச் செலவாகும் பணம் வீணல்ல என்பது நம் எண்ணம்.

2022இல் வந்த இன்னொரு செய்தி நம்பிக்கையூட்டுகிறது. அறுவைக்கு முன் கீமோதெரபியோடு நிவோலுமாப் என்னும் எதிர்ப்புச்சக்தி மருந்தும் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேரிடம், வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 2 பேரே. மருந்தின் விலைதான் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது.

அறுவைக்கு இடமில்லாதவர்கள்? கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் மேலும் வளராதிருந்தவர்களுக்கு துர்வாலுமாப் என்ற மருந்தை ஓராண்டு வரை கொடுத்துப் பார்த்தார்கள். 5 ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் நூற்றுக்கு 43 பேர் உயிரோடிருந்தார்கள். அம்மருந்து பெறாதவர்களில் 33 பேர். கத்தியே படாதவர்கள் இவர்கள்.