உள்முழங்கை வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல

மாட்டின் காம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே இறுக்கிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் ஒவ்வொன்றாக மடங்கிப் பாலைக் கீழே தள்ளும். இரண்டு கறவை வைத்திருப்பவர் காலையும் மாலையும் இதைப் பல நூறு தடவை செய்கிறார். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றில் சிலவும், மணிக்கட்டை மடக்கும் தசைகளும், உள்ளங்கையைக் கவிழ்க்கும் தசையும் முழங்கையின் உள்பக்க எலும்புக் குமிழில் ஒரே தசைநாணாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. அந்த ஒட்டுமிடத்தில் வரும் வலிக்கு மருத்துவத்தில் ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்று பெயர். உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர்கள் இருப்பது அபூர்வம். மண்வெட்டி, கதிர் அரிவாள், கல்குவாரிச் சம்மட்டி, கொத்தனார் கரண்டி பிடிக்கும் கைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியமே வைத்திருந்த ஊர் என்று பராந்தக சோழன் காலக் கல்வெட்டு சொல்கிறது. மண்ணை வெட்டி வாரிப்போடுவது இங்கே ஆயிரம் ஆண்டு வேலை. 2004இல் சச்சினுக்கு வந்ததால் வெளிப்பக்க வலியான ‘டென்னிஸ் எல்போ’வின் பெயர் ஊரெல்லாம் தெரியும். உள்பக்க வலி அதைவிடக் குறைவாக வருவதால் சுளுக்கு, வாயு, நரம்பு இழுத்துக்கொண்டது என்ற பெயர்களுக்குள் மறைந்துபோகிறது. கையை நீட்டி, உள்ளங்கை வானம் பார்க்க வைத்து மணிக்கட்டை மடக்குங்கள். இன்னொருவர் அதை எதிர்த்து அழுத்தட்டும். அப்போது அந்தக் குமிழில் சுரீரென்றால் பெரும்பாலும் இதுதான்.

இது வெறும் வீக்கம் என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். வீக்கமென்றால் ஓய்வு கொடுத்து, மாத்திரை போட்டால் அடங்க வேண்டும். 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளிமுழங்கையில் அறுவை செய்து எடுத்த தசைநாண்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒழுங்கு குலைந்த நார்களும் தாறுமாறாக முளைத்த சிறு இரத்தக் குழாய்களும்தான் அங்கே தெரிந்தன. பிறகு உள்முழங்கையிலும் இதே நிலை கண்டறியப்பட்டது. முறுக்கு விட்டுப்போன தாம்புக்கயிறு போன்றது அது. கயிற்றை மூலையில் போட்டு வைத்தால் முறுக்கு திரும்புவதில்லை. உயிருள்ள தசைநாணுக்கோ தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும் திறன் உண்டு. அதைத் தூண்டுவது அளவான பாரம். ஓய்வு வலியைத் தணிக்கும், ஆனால் தசைநாணை மேலும் நோஞ்சானாக்கும். ஒரு மாதம் கையைக் கட்டி வைத்தவருக்கு அறுவடை தொடங்கிய வாரத்திலேயே வலி திரும்புவது இதனால்தான்.

“நாள் முழுக்க மண் வெட்டுகிற கைக்குப் பாரம் போதாதா, இன்னும் எதற்குப் பயிற்சி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், இந்த வைத்தியத்தின் சூட்சுமமே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. மண்வெட்டி தரும் பாரம் வெடுக்கென்று வருகிறது, கல்லில் பட்டால் அதிர்கிறது, எண்ணிக்கைக்கு அளவில்லை. கடும் உழைப்புக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் வரை தசைநாணில் நார் சிதைவதே மிகுதி. கட்டுமானம் அதற்கப்புறம்தான் முந்துகிறது. தினமும் வெட்டுகிறவரின் முழங்கைக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. பயிற்சியின் பாரம் மெதுவானது, எண்ணிக் கொடுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையைத் தொடைமேல் வைத்து, மணிக்கட்டு முழங்காலைத் தாண்டி நிற்க, உள்ளங்கை மேலே பார்க்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் பாட்டிலை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம். இறக்குவதே தாங்காத அளவு வலியென்றால், முதல் சில நாள் பாட்டிலை அசைக்காமல் அரை நிமிடம் பிடித்திருந்தால் போதும். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம்; மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்து எடையை ஏற்றி இறக்கித் தருவதுதான் பிசியோதெரபிஸ்டின் முதன்மையான வேலை. ‘கரண்ட் வைக்கிறது’ வலியைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவுதான். அதை மட்டும் பத்து நாள் வைத்துக்கொண்டு பிசியோ பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது சரியல்ல.

ஊசி போட்டால் இரண்டே நாளில் சரியாகிறதே என்பதும் பொய்யில்லை. உள்முழங்கை வலிக்கென்றே நடந்து 1997இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு ஆறாவது வாரத்தில் வலி குறைந்திருந்தது. மூன்றாம் மாதத்திலும் ஓராண்டிலும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. வெளிமுழங்கை வலிக்காரர்கள் 165 பேரை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களின் நிலைதான் மோசம். கூலி வேலைக்காரருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு: வலி போனதும் மறுநாளே அதே சம்மட்டியைத் தூக்குவார். பயிற்சிக்கு ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறதா என்றால், இல்லை. 2014இல் வேறு சிகிச்சைகள் பலிக்காத 20 பேருக்கு ரப்பர் தண்டை முறுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. இருந்தும் செலவில்லாத, கெடுதல் குறைந்த, தசைநாணின் இயல்போடு ஒத்துப்போகும் வழி என்பதால் நான் இதன் பக்கம்தான் நிற்கிறேன்.

வேலைக்குப் போகாதே என்று சொல்வது கழனியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு வைத்தியமாகாது. வேலையின் விதத்தை மாற்றலாம். மெல்லிய பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் கை அதை அத்தனை இறுக்க வேண்டியதில்லை. ஒரு மாட்டை வீட்டில் இன்னொருவர் கறக்கலாம். ஈரத் துணியை முறுக்காமல் தண்ணீர் வடியவிட்டுக் காயப்போடலாம்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் குமிழுக்குப் பின்னே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வந்த வீக்கம் ஆகியவற்றோடு இதையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வந்தால் முழங்கையை மறந்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டோடு முடங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. நடமாடிக்கொண்டே வலியைச் சுமக்கும் உழைப்பாளிக்கும் அதே சேவை ஊருக்கு அருகில் கிடைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில், துணை சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாளாவது பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள், மனுவாகவும் எழுதிக் கொடுங்கள்.