கிணற்றோரத்துக் குழாய்

அன்புள்ள கயல்,

தாத்தாவின் விழித்திரைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அந்த மஞ்சள் வட்டத்துக்கிட்ட வந்ததும் சிவப்புக் கோடெல்லாம் ஏன் சித்தப்பா ஒடிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறாய்.

நம் தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள். மோட்டார் குழாய் வரப்போடு நேராக வந்து, விளிம்பில் சட்டென்று மடங்கி உள்ளே இறங்குகிறது. நேர் மேலேயிருந்து படமெடுத்தால் ஆழம் தெரியாது. கிணறு எங்கே தொடங்குகிறது என்பதைக் குழாய் மடங்குவதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்த மஞ்சள் வட்டம், பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வாசல். அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் வழியே சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் போகின்றன. நடுவில் சிறு குழி இருப்பது இயல்பு. தாத்தாவுக்கு இருக்கும் கிளாக்கோமா என்ற கண் நோயில் இழைகள் சாகச் சாகக் குழி அகன்று ஆழமாகிறது. இரத்தக் குழாய்கள் அந்த இழைகளின் மேல் சாய்ந்து கிடப்பவை. தாங்கிய தரை போனதும் மூக்குப் பக்கமாக ஒதுங்குகின்றன. விளிம்பில் மடங்கிக் கொஞ்ச தூரம் மறைந்து, குழியின் அடியில் சற்றுத் தள்ளித் தலைகாட்டுகின்றன. குழியோரத்தை ஒட்டிப் போன மெல்லிய குழாயோ, கரை அரித்த ஓடையில் தெரியும் வேர்போல விளிம்பை விட்டுத் தனித்து நிற்கும். தாத்தாவின் படத்தில் கீழ்ப்பக்கம் பார்.

இதைப் படிக்கப் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். கண்ணுக்குள் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்டார். அதைக்கொண்டு கிளாக்கோமாக் கண்ணைப் பார்த்த பெர்லின் மருத்துவர் வான் கிராஃபே, குழியை முதலில் மேடு என்றே எழுதினார். பிறகு அவரே திருத்திக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

குழாய் வளைவதால் நோய் வருகிறதா என்றால், இல்லை. இந்த வளைவு நோயின் விளைவு. குழாயின் பருமன் வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வில், தமனிகள் ஒடுங்கியிருந்தவர்களுக்குப் பத்தாண்டுகளில் இந்நோய் கூடுதலாக வந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் அப்படித் தொடர்பு தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

தாத்தாவின் கண் அழுத்தம் 18தான், அப்புறம் ஏன் மருந்து என்று பாட்டி கேட்கிறாராமே? இயல்பு எல்லையான 21க்குள் இருந்தும் நரம்பு தேய்பவர்கள் நிறையப் பேர். அதனால்தான் அழுத்தத்தோடு நில்லாமல் வாசலையும் பார்க்கிறார்கள். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளில் தாத்தா இடித்துக்கொண்டபோது வயசாகிவிட்டது என்றோம். போய்க்கொண்டிருந்தது பக்கப் பார்வை. நம் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1990களில் தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்தது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை தெரியவே தெரியாது.

போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பது அந்தச் சொட்டு மருந்துதான். தினமும் நீயே விட்டுவிடு. உன் அப்பாவுக்கும் 45 ஆகிவிட்டது, பெற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். இந்த மாதமே கண்ணின் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல். சில மணி நேரம் கண் கூசும், பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகட்டும்.

அன்புடன்,
சித்தப்பா